இருபதாயிரம் டாலரும் ஒரு கைபேசியும்: கல்லூரிக் கூடைப்பந்துத் துணைப் பயிற்சியாளர் ஒருவரின் வழக்கு

எதைப் பற்றி

2017 செப்டம்பர் 26 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து உலகைச் சேர்ந்த பத்துப் பேரைக் கைது செய்ததாக நியூயார்க் தெற்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமும் எஃப்.பி.ஐ.யும் அறிவித்தன. ஷூ கம்பெனி அதிகாரி, ஏஜென்ட், நிதி ஆலோசகர் என்று பலர் அதில் இருந்தார்கள். நால்வர் மட்டும் பல்கலைக்கழகங்களில் சம்பளம் வாங்கிய துணைப் பயிற்சியாளர்கள். அந்த நால்வரில் ஒருவருடைய பணிவாழ்வைத்தான் இங்கே தொடக்கம் முதல் முடிவு வரை பார்க்கப்போகிறோம்.

அவர் பெயரையும் பல்கலைக்கழகத்தின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுப்பதோ நல்லவராக்கிக் காட்டுவதோ நோக்கமல்ல. எந்தத் திறமைக்காக ஒருவரை வேலைக்கு எடுத்தார்களோ, அதே திறமைதான் அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது. அது எப்படி நடந்தது என்பதை வீரர் சேர்ப்பில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பின்னணி: அந்த வேலை என்ன வேலை

அந்தக் காலத்தில் முதல் பிரிவுக் கல்லூரி அணியில் ஒரு தலைமைப் பயிற்சியாளரும் மூன்று துணைப் பயிற்சியாளர்களும் இருப்பார்கள். முழு உதவித்தொகை கொடுக்கப் பதின்மூன்று இடங்கள் உண்டு. 2006 முதல், தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் போக, அந்த ஆண்டுக்குள் 19 வயது ஆக வேண்டும், பள்ளிப் படிப்பு முடித்து ஓராண்டு கழிந்திருக்க வேண்டும். அதனால் நாட்டிலேயே சிறந்த பையன்கள் கல்லூரிக்கு வந்து, ஒரே பருவம் ஆடி, போய்விடுவார்கள். பெரிய அணிக்கு இது ஆண்டுதோறும் அடுப்பைப் புதிதாகப் பற்றவைக்கிற வேலை. இந்த வருஷம் கொண்டுவந்த பையன் அடுத்த வருஷம் இருக்க மாட்டான்.

பள்ளி அணியைவிடக் கோடைக்கால கிளப் அணிகள்தான் இதில் முக்கியம். பொதுவாக ஏ.ஏ.யு. அணிகள் என்பார்கள். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் மூன்றும் தனித்தனிச் சுற்றுப் போட்டிகளை நடத்துகின்றன. எந்த கிளப் எந்த ஷூவுக்கு ஆடுகிறது என்பதைப் பொறுத்து அந்தப் பையன் எந்தக் கல்லூரிக்குப் போவான் என்று பலர் ஊகித்துவிடுவார்கள்.

ஜூலை மாதம் அந்தப் போட்டி நடக்கும் கூடம் ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால் இந்த வேலை புரிந்துவிடும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆடுகளங்கள். எந்த விசில் எந்த ஆட்டத்துக்கு என்றே தெரியாது. கோட்டுக்கு வெளியே மடக்கு நாற்காலிகளில் கல்லூரிப் பயிற்சியாளர்கள், நெஞ்சில் கல்லூரிச் சின்னம் பளிச்சென்று தெரிகிற சட்டையோடு. மதிப்பீட்டு நாள்களில் பையனிடமோ வீட்டாரிடமோ பேச விதி இடம் கொடுக்காது. பேசத்தான் கூடாது, கண்ணில் படலாம். பையன் பந்தோடு ஓடிவரும் பக்கமாகப் பார்த்து, அவன் நிமிர்ந்தால் தன் சட்டை தெரிகிற இடத்தில் உட்கார வேண்டும். காலை எட்டு மணி ஆட்டமானாலும் சரி, அவன் அணி நாற்பது புள்ளி பின்தங்கிக் கிடந்தாலும் சரி, எழுந்து போகக் கூடாது. போட்டிக் கல்லூரியின் ஆள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறானே!

ஆட்டத்தைப் படிக்கத் தெரிவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. அந்த வீட்டில் யார் சொல் எடுபடும் என்று கண்டுபிடிப்பதுதான் மீதி. அம்மாவா, தாய்மாமனா, கிளப் பயிற்சியாளரா, முடிவெட்டுகிற கடைக்காரரா? அதைக் கண்டுபிடித்து, அந்த ஒருவர் இரவு பதினொரு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுத்துப் பேசுகிற ஆளாக இருக்க வேண்டும். 2012 ஜூன் முதல், ஆண்கள் கூடைப்பந்தில் பத்தாம் வகுப்பு முடித்த பையனுக்கு எத்தனை குறுஞ்செய்தி வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று விதி தளர்ந்தது. அதற்குப் பிறகு துணைப் பயிற்சியாளருக்குக் கைபேசியே அலுவலகம்.

அவர் வந்த வழி

நமது துணைப் பயிற்சியாளர் நியூயார்க் நகரத்துக்காரர். பிராங்ஸ் பகுதியின் பெயர்பெற்ற சிறுவர் கூடைப்பந்து கிளப் ஒன்றை நடத்தியவர். அந்த நகரத்தில் பந்தாடுகிற பையன்களின் வீடுகள் அவருக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கும் அவரைத் தெரியும். 2007இல் ஓஹாயோவின் பல்கலைக்கழகம் ஒன்று அவரைத் துணைப் பயிற்சியாளராக எடுத்தது. 2009இல் அங்கிருந்த தலைமைப் பயிற்சியாளர் தென்மேற்குப் பாலைவன மாநிலம் ஒன்றின் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறினார். இவரையும் கூடவே அழைத்துப் போனார். எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். அணி நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக ஏறியதும் அதே ஆண்டுகளில்தான்.

கிளப்பிலிருந்து கல்லூரிக்கு வருகிற இந்தப் பாதை அமெரிக்காவில் வழக்கமானது. இப்படி வருகிறவர் மேல் "சேர்ப்புக்காரர்" என்று ஒரு முத்திரை விழும். வியூகம் வகுக்கிறவர் வேறு, வீட்டுக்கு வீடு போய் ஆள் கொண்டுவருகிறவர் வேறு என்று ஒரு சொல்லப்படாத பிரிவினை உண்டு. கறுப்பினத் துணைப் பயிற்சியாளர்கள் இரண்டாவது பக்கத்தில் தள்ளப்படுகிறார்கள் என்ற மனக்குறை அந்த வட்டாரத்தில் வெகுகாலமாக இருக்கிறது. தலைமைப் பதவிக்கு ஆள் தேடும்போது அந்த முத்திரை குறுக்கே நிற்கும். 2017இல் கைதான துணைப் பயிற்சியாளர்கள் நால்வரும் கறுப்பினத்தவர்கள். இதை வெறும் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அந்த நாற்காலிக்கு யாரை அனுப்புகிறோம் என்பதிலேயே விடை இருக்கிறது.

பணம் வந்த வழி

இந்த வழக்கின் வேர் கூடைப்பந்தில் இல்லை. பிட்ஸ்பர்கில் ஒரு நிதி ஆலோசகர், தன்னை நம்பிய விளையாட்டு வீரர்களின் பணத்தைக் கையாடி மாட்டிக்கொண்டார். தண்டனையைக் குறைத்துக்கொள்ள 2014 முதல் எஃப்.பி.ஐ.க்கு ஒத்துழைத்தார். கல்லூரிப் பயிற்சியாளருக்குப் பணம் கொடுத்தால், என்.பி.ஏ.வுக்குப் போகிற பையனை நம் பக்கம் திருப்பிவிடுவார் என்று அவர் சொன்னதை வைத்துத்தான் விசாரணை தொடங்கியது.

2017 கோடையில் வலை விரிந்தது. ஏஜென்சி ஒன்றிலிருந்து வெளியேறித் தனியாகத் தொழில் தொடங்க நினைத்த இளைஞர் ஒருவருக்கு முதலீட்டாளர்கள் கிடைத்தார்கள். முதலீட்டாளர் வேடத்தில் வந்தவர்கள் எஃப்.பி.ஐ. ஆட்கள், போட்டது அரசுப் பணம். இங்கே ஒரு விசித்திரம். பயிற்சியாளர்களுக்குப் பணம் கொடுப்பது வீண்வேலை, அவர்கள் சொல்லி எந்தப் பையனும் ஏஜென்டைத் தேர்ந்தெடுப்பதில்லை என்பது அந்த இளைஞரின் கட்சி. 2019இல் சாட்சிக் கூண்டிலும் இதைத்தான் சொன்னார். முதலீட்டாளர்களோ பயிற்சியாளர்களுக்கே கொடுக்க வேண்டும் என்று நின்றார்கள்.

நமது துணைப் பயிற்சியாளர் அந்தக் கோடையில் இரண்டு தவணையாக வாங்கினார். முதலில் 5,000 டாலர், பிறகு 15,000. தன் அணியில் ஆடுகிற, ஆடப்போகிற வீரர்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும்போது இந்த ஏஜென்டையும் இந்த நிதி ஆலோசகரையும் வைத்துக்கொள்ளுமாறு திருப்பிவிடுவது, பதிலுக்கு அவர் தர வேண்டியது. பேச்சுகள் பதிவாகிக்கொண்டிருந்தன.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு அவருடையது: கை நீட்டியது. பெரிய பல்கலைக்கழகத்தின் துணைப் பயிற்சியாளர் இருபதாயிரம் டாலருக்கு ஆலாய்ப் பறக்கிறவர் அல்ல. ஆனால் சேர்ப்புத் தொழிலில் கணக்கில் வராத செலவும் கணக்கில் வராத வரவும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். ஏஜென்டோடு சாப்பிடுவது, கிளப் நடத்துகிறவருக்கு ஒரு உதவி, அந்த உதவிக்கு மறு உதவி என்று பழகிய கைக்கு, உறைக்குள் வருகிற பணம் புதிதாகத் தோன்றாது. இது என் ஊகம். விதி தெரியாமல் நடந்ததல்ல என்பது மட்டும் உறுதி. வீரரை ஏஜென்டிடம் சேர்த்துவிட்டுப் பணம் வாங்குவதை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதிகள் நெடுங்காலமாகவே தடுத்திருந்தன.

இரண்டாவது முடிவு அரசு வழக்கறிஞர்களுடையது. விளையாட்டு அமைப்பின் விதிமீறலை அவர்கள் கூட்டாட்சிக் குற்றமாக்கினார்கள். ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் மத்திய அரசு நிதி பெறும் நிறுவனத்தின் ஊழியர், 5,000 டாலர் அல்லது அதற்கு மேல் பெறுமானமுள்ள விஷயத்தில் கையூட்டு வாங்கினால் குற்றம் என்று ஒரு சட்டப் பிரிவு உண்டு. அரசு நிதி வாங்காத பெரிய பல்கலைக்கழகம் ஏது? அங்கே சம்பளம் வாங்குகிற துணைப் பயிற்சியாளரும் அந்தப் பிரிவுக்குள் வந்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்குக் காட்ட வேண்டிய விசுவாசத்தை விற்றார் என்பது வாதம். சட்டப்படி இதில் பாதிக்கப்பட்டது பல்கலைக்கழகம். ஏமாற்றத்துக்கு ஆளாகவிருந்த பையனும் அவன் அம்மாவும் அல்ல. இந்த இடம் எனக்குக் கடைசிவரை உறுத்துகிறது.

மூன்றாவது, பல்கலைக்கழகத்தின் முடிவு. செய்தி வந்த அன்றே தற்காலிகப் பணிநீக்கம். சில மாதங்களில் நிரந்தரப் பணிநீக்கம். தலைமைப் பயிற்சியாளர் தொடர்ந்தார். எட்டு ஆண்டுகளாக இந்த மனிதர் பையன்களை எப்படிக் கொண்டுவந்தார் என்று கேட்காத நிர்வாகம், ஒரே நாளில் அவரை முன்பின் தெரியாதவர்போல் விலகி நின்றது.

நான்காவது, குற்றத்தை ஒப்புக்கொண்டது. 2019 ஜனவரியில், கையூட்டுக்கான கூட்டுச் சதி என்ற ஒரே குற்றச்சாட்டை ஏற்றுக்கொண்டார், மற்றவை விலக்கப்பட்டன. ஒலிப்பதிவு கையில் இருக்கும்போது கூட்டாட்சி நீதிமன்றத்தில் நின்று போராடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அவருடைய வழக்கறிஞர்கள் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். பயிற்சியாளர்கள் நால்வருமே கடைசியில் இதே வழியைத்தான் எடுத்தார்கள்.

என்ன நடந்தது

2019 ஜூன் மாதம் மூன்று மாதச் சிறையும், அதன் பிறகு இரண்டு ஆண்டுக் கண்காணிப்பும் விதிக்கப்பட்டன. நால்வரில் இன்னொருவருக்கும் மூன்று மாதம். மற்ற இருவர் சிறைக்குப் போகவே இல்லை. அதில் ஒருவர் வாங்கியது 90,000 டாலருக்கும் மேல். அவருக்கு இருநூறு மணி நேரச் சமூகச் சேவை. விசாரித்த நீதிபதிகள் வேறு, சூழ்நிலைகள் வேறு. ஆனாலும் இருபதாயிரத்துக்குச் சிறை, அதைப்போல நாலு மடங்குக்கும் மேல் வாங்கியவருக்குச் சேவை என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறவருக்குக் கேள்வி எழத்தான் செய்யும்.

இன்னொரு துணுக்கும் பதிவில் இருக்கிறது. இந்த விசாரணையில் ஈடுபட்ட எஃப்.பி.ஐ. ஆட்களில் ஒருவர், அதே 2017 ஜூலையில், லாஸ் வேகாஸில் விசாரணைக்கென்று கொடுத்த அரசுப் பணத்தில் 13,500 டாலரைச் சூதாட்ட மேசையில் விட்டார். 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்குக் கிடைத்தது 90 நாள் வீட்டுக்காவல்.

என்.சி.ஏ.ஏ. பக்கத்து விசாரணை இன்னும் நீண்டது. பல்கலைக்கழகம் தானாகவே 2020-21 பருவத்தின் இறுதிச்சுற்றுப் போட்டிகளிலிருந்து விலகிக்கொண்டது. 2021 ஏப்ரலில் தலைமைப் பயிற்சியாளரை அனுப்பியது. அடுத்த ஆண்டே அவருக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் தலைமைப் பதவி கிடைத்தது. 2022 டிசம்பரில் தனிக்குழுவின் தீர்ப்பு வந்தது. தலைமைப் பயிற்சியாளர் மேல் தண்டனை எதுவும் இல்லை. விதிகளை மதிக்கும் சூழலை உருவாக்கினார், கண்காணித்தார் என்று குழு ஏற்றுக்கொண்டது. நமது துணைப் பயிற்சியாளருக்குப் பத்து ஆண்டு "ஷோ-காஸ்" ஆணை. அவரை வேலைக்கு எடுக்க நினைக்கும் உறுப்புக் கல்லூரி, தாங்கள் ஏன் தண்டிக்கப்படக் கூடாது என்று முதலில் அமைப்புக்குக் காரணம் காட்ட வேண்டும். எந்தக் கல்லூரி அந்த வம்பை விலைக்கு வாங்கும்? ஏட்டில் தடையில்லை, நடப்பில் தடைதான்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். குற்றம் செய்யாத ஆண்டி அல்ல இவர். ஆனால் அந்தக் கோயிலில் இவர் மட்டும் இருக்கவில்லை.

இதற்கிடையே விளையாட்டின் அடித்தளமே மாறியது. 2021 ஜூன் 21 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், கல்வி சார்ந்த சலுகைகளுக்கு என்.சி.ஏ.ஏ. வரம்பு வைப்பது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு எதிரானது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஜூலை 1 முதல் வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆனது. 2025 ஜூனில் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற வழக்குச் சமரசம் ஒன்றின்படி, பல்கலைக்கழகமே தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கான உச்சவரம்பு ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர்.

ஒரு தவறான முடிவு

இதைப் பார்த்துவிட்டு, "இன்று சட்டபூர்வமாக நடப்பதற்காகத்தானே அன்று அவரைச் சிறையில் போட்டார்கள்" என்று பலரும் சொல்கிறார்கள். அனுதாபம் புரிகிறது, கணக்குத் தவறு. அன்று வெடித்த விவகாரத்தில் இரண்டு ஓடைகள் கலந்து ஓடின. ஷூ கம்பெனியிலிருந்து வீரரின் குடும்பத்துக்குப் போன பணம் ஒன்று. அதன் நிலைதான் இன்று தலைகீழாகிவிட்டது. வீரரின் நம்பிக்கைக்குரிய பயிற்சியாளருக்கு, அவரைத் திருப்பிவிடுவதற்காகப் போன பணம் இன்னொன்று. பையனுக்குக் காசு கொடுப்பது எவ்வளவு நியாயமானாலும், "இவரை நம்பலாம்மா, உன் மகன் பணத்தைப் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு தாயிடம் சொல்வதற்கு ரகசியமாகக் கூலி வாங்குவது நியாயமாகிவிடாது. இந்த வழக்கைத் தொடங்கிவைத்த பிட்ஸ்பர்க் ஆலோசகர் யார் பணத்தைக் கையாடினார் என்பதை மறந்துவிடக் கூடாது. நம் ஆளிடம் கேட்டது, இன்னொரு நிதி ஆலோசகரிடம் பையன்களைக் கொண்டுபோய் விடச் சொல்லித்தான்.

இதே காரணத்தால் இன்றைய ஏற்பாட்டில் ஆபத்து குறையவில்லை. பதினெட்டு வயதில் பெரிய தொகை கைக்கு வருகிறது. அதைச் சுற்றி ஆலோசகர்கள் முன்பைவிட அதிகம். வீரர்கள் ஆண்டுதோறும் கல்லூரி மாறலாம் என்பதால் சேர்ப்பு வேலை பள்ளிப் பையனோடு முடிவதுமில்லை. பருவம் முடிந்ததும் மாற்றல் பட்டியலைத் திறந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

மறுபடி செய்தால் எதை மாற்றலாம்

2018இல் முன்னாள் வெளியுறவுச் செயலர் காண்டலீசா ரைஸ் தலைமையிலான குழு பரிந்துரைகள் தந்தது. அதன்பின், முன்னணி வீரர்கள் சான்று பெற்ற ஏஜென்டின் உதவியை வெளிப்படையாகப் பெறலாம் என்ற அளவுக்கு விதி இளகியது. அது சரியான திசை. மறைவில் நடக்கும் உறவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் உறைக்கு வேலை குறையும்.

ஆனால் இந்த வழக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது வேலைக்கு எடுக்கும் நாளைப் பற்றியது. கிளப்பிலிருந்து ஒருவரைக் கொண்டுவரும்போது, அவரிடம் இருக்கும் தொடர்புகளுக்காகத்தான் கொண்டுவருகிறார்கள். அப்படியென்றால் முதல் வாரத்திலேயே அந்தத் தொடர்புகளை ஏட்டில் எழுத வேண்டும். எந்த ஏஜென்டோடு பழக்கம், எந்த ஷூ கம்பெனி ஆளோடு கொடுக்கல் வாங்கல், யாருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பதெல்லாம் வர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவதைச் சொல்லவில்லை; அது எல்லாக் கல்லூரியிலும் இருந்தது. மாதம் ஒருமுறை, விளையாட்டுத் துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும். துணைப் பயிற்சியாளருக்கே அது பாதுகாப்பு. உறையோடு யாராவது வந்தால், "இதை ஏட்டில் எழுத வேண்டுமே" என்று சொல்லி நழுவ அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கும்.

இரண்டாவது, வீரர் சேர்ப்பும் பண ஆலோசனையும் ஒரே ஆளின் கையில் இருக்கக் கூடாது. தாய் கேட்பாள், கேட்காமல் இருக்க மாட்டாள்: "கோச், இவங்க நல்லவங்களா?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தனக்கு உரிமையில்லை, இன்ன அலுவலகத்தில் இன்னாரிடம் கேளுங்கள் என்று அவர் சொல்லும்படி விதி இருக்க வேண்டும், அந்த இன்னாரும் உண்மையிலேயே இருக்க வேண்டும். இப்போது பல கல்லூரிகள் வீரர் ஒப்பந்தங்களைப் பார்த்துக்கொள்ள "ஜெனரல் மேனேஜர்" பதவியை உண்டாக்கியிருக்கின்றன. அவரும் அணியை வெற்றி பெறச் செய்கிற கட்சிக்காரர்தான். பையனின் கட்சிக்காரர் அல்ல.

மூன்றாவது, மேலே இருப்பவரின் பொறுப்பு. தலைமைப் பயிற்சியாளருக்குத் தெரியாமல் நடந்திருக்கலாம். குழுவும் அப்படித்தான் முடிவு செய்தது. அதை மறுக்க எனக்கு ஆதாரமில்லை. ஆனால் தெரியாமல் இருப்பதற்கு ஏற்ற வசதி அந்த அமைப்பில் இருந்தது. 2023-24 பருவம் முதல் துணைப் பயிற்சியாளர் எண்ணிக்கை மூன்றிலிருந்து ஐந்தானது. வெளியே போய்ச் சேர்க்கிற உரிமை மூவருக்கு மட்டும் என்று வைத்தார்கள். ஆடுகளத்தில் சொல்லிக்கொடுப்பவர், வீட்டு வாசலில் நிற்பவர் என்ற பழைய பிரிவினைக்கு விதியே அப்போது கோடு கிழித்துக் கொடுத்தது. இது நல்லதுக்கல்ல என்பது என் எண்ணம்.

தற்போதைய நிலை

2019இல் நியூயார்க் மாநிலத்தின் ஓட்டிஸ்வில் சிறையில் தண்டனையைக் கழித்துவிட்டு அவர் வெளியே வந்தார். என்.சி.ஏ.ஏ. ஆணை கல்லூரிகளைத்தான் கட்டுப்படுத்தும். தெருமுனைக் கூடங்களை அல்ல. பிராங்ஸில் தான் முன்பு நடத்திய அதே சிறுவர் கிளப்பில் மறுபடியும் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். ஆணையின் காலம் 2032 டிசம்பரில் முடிகிறது.